கேத வீட்டில் ‘வணக்கம்’ சொல்லிவிட்டேன். பதினாறாம் நாளுக்குப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

நெய்வேலிக்காரன் | திங்கள், இரவு 10.40

மதுரைக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் நண்பரின் தகப்பனார் போன வாரம் தவறிவிட்டார். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். அலுவலகத்திலிருந்து நான்கு பேர் மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனோம்.

பந்தலுக்கு முன்னால் பெஞ்சு போட்டுப் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் நின்று கைகூப்பி ‘வணக்கம்’ என்றேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நண்பர் எழுந்து வந்து இரண்டு கைகளையும் நீட்டினார். நான் அவருடைய வலது கையைப் பிடித்துக் குலுக்கினேன். கிளம்பும் நேரத்தில், சொல்லாமல் போவது மரியாதை இல்லையே என்று அவருடைய தாயாரிடமே போய் ‘போய் வருகிறேன் அம்மா’ என்றேன். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சட்டென்று நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பஸ் நிறுத்தம் வரை ஒரு பெரியவர் கூடவே நடந்து வந்தார். ‘எந்த ஊர் தம்பி?’ என்று கேட்டார். பிறகு தோளில் கை வைத்து, ‘கேத வீட்டில் வணக்கம் சொல்லக் கூடாது. வருகிறேன் என்றும் சொல்லக் கூடாது. எழுந்து பேசாமல் போய்விட வேண்டும்’ என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

நான் வளர்ந்தது நெய்வேலிக் குடியிருப்பில். பக்கத்து வீட்டில் மலையாளிகள், எதிர் வீட்டில் தெலுங்கர்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு ‘ஹலோ’, ஒரு ‘குட் மார்னிங்’. அது போதுமானதாக இருந்தது. துக்க வீடுகளுக்கு அப்பா மட்டும் போய் வருவார். எங்களை அழைத்துப் போனதில்லை.

அடுத்த வாரம் பதினாறாம் நாள். போக வேண்டும். அங்கே நான் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது? இந்த ஊரில் இனி முஸ்லிம் வீட்டுக்கும் கிறித்தவர் வீட்டுக்கும் போக வேண்டிவரும். இன்னொரு வீட்டில் இதே தவறைச் செய்ய எனக்கு மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகை வடகரை | திங்கள், இரவு 11.25

தம்பி, முதலில் தூங்குங்கள். அந்த வீட்டில் யாரும் உங்களைத் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். அந்தப் பெரியவர் உங்களோடு நடந்து வந்ததே அதற்குச் சாட்சி.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால் விதி மறக்காது. நம்மிடம் வரவேற்புக்கும் விடைபெறுவதற்கும் இருப்பது ஒரே வினைச்சொல்தான். வந்தவரை ‘வாருங்கள்’ என்கிறோம். போகிறவர் ‘போய் வருகிறேன்’ என்கிறார். வெறுமனே ‘போகிறேன்’ என்று எந்தத் தாயும் பிள்ளையைச் சொல்ல விடமாட்டாள். ‘வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போ’ என்று திருத்துவாள். இரண்டுமே திரும்பத் திரும்ப வரச் சொல்லும் வார்த்தைகள். சாவு வீட்டில் எது திரும்ப வர வேண்டும்? அதனால்தான் அங்கே ‘வாருங்கள்’ என்று யாரும் கூப்பிடுவதும் இல்லை, ‘வருகிறேன்’ என்று யாரும் விடைபெறுவதும் இல்லை. நலம் விசாரிப்பதும் இல்லை.

அதற்காகக் கேத வீட்டில் முகமன் எதுவுமே கிடையாது என்று எண்ணிவிடாதீர்கள். நண்பர் உங்களிடம் நீட்டினாரே இரண்டு கைகள், அதுதான் அங்கே முகமன். கைகுலுக்கக் கேட்கும் கை அல்ல அது. உள்ளங்கை மேலே பார்க்க, எதையோ வாங்கிக்கொள்ள நிற்பதுபோல் இருக்கும். நீங்கள் உங்கள் இரண்டு கைகளாலும் அதைத் தொட வேண்டும். அழுத்த வேண்டாம், ஆட்ட வேண்டாம். தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துவிட வேண்டும். பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழுவார்கள். ஐந்து வருடம் பேசாமல் இருந்த நாத்தனாரும் அண்ணியும் அப்படி அழுததை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். சாவன்று வர முடியாதவர்கள் பிறகொரு நாள் வருவதை ‘கேதம் கேட்க வந்தோம்’ என்பார்கள். பாருங்கள், கேதம் சொல்ல அல்ல, கேட்க. வாய் உங்களுடையது அல்ல, காதுதான் உங்களுடையது.

பதினாறாம் நாளும் இதேதான். உருமால் கட்டு, அதாவது மகனுக்குத் தலைப்பாகை கட்டும் சடங்கு, முடிந்து பந்தி வைப்பார்கள். உட்கார்ந்து சாப்பிட வேண்டும்; மறுக்கக் கூடாது. கை கழுவியதும் சொல்லாமல் கிளம்பிவிடலாம்.

செக்கானூரணி | செவ்வாய், காலை 6.50

ஐயா சொல்வது அப்படியே எங்கள் பக்கத்து வழக்கம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கை தொடும்போது நின்று ஆறுதல் பேச வேண்டாம். பின்னால் வரிசை நிற்கும். பேச வேண்டும் என்றால் பிறகு பக்கத்தில் போய் உட்காருங்கள், அது போதும்.

காஜிமார் தெரு | செவ்வாய், காலை 9.15

நெய்வேலி நண்பருக்கு எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். வடகரை ஐயா சொன்னதற்கு நேர் எதிராக இருக்கும், குழம்ப வேண்டாம்.

எங்களிடம் மவுத்து வீட்டிலும், அதாவது சாவு வீட்டிலும், ஸலாம் உண்டு. ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ என்றால் உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்று பொருள். அது வரவேற்பு வார்த்தையாக இருந்தாலும் உள்ளே ஒரு துஆ, ஒரு பிரார்த்தனை. துக்கத்தில் இருப்பவருக்குத்தானே சாந்தி அதிகம் வேண்டும்? மையவாடிக்குள் நுழையும்போது அங்கே அடங்கியிருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்லித்தான் நுழைகிறோம். என் அத்தாவை அடக்கம் செய்து பதினான்கு வருடம் ஆகிறது. வாரம் ஒருமுறை போய் நின்று ஸலாம் சொல்கிறேன். உயிரோடு இருந்தபோது தினமும் கடையிலிருந்து வந்து சொன்ன அதே வார்த்தைகள்.

நீங்கள் எங்கள் மவுத்து வீட்டுக்கு வந்தால் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்காரலாம். ஆண்களோடு கை கொடுக்கலாம். பெண்களிடம் கை நீட்ட வேண்டாம். எங்கள் வீட்டுப் பெண் ஒருவர் உங்களைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் அது முழு மரியாதை, குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸலாமுக்கு முறை ஒன்று இருக்கிறது. வாகனத்தில் போகிறவர் நடப்பவருக்கு முதலில் சொல்ல வேண்டும், நடப்பவர் உட்கார்ந்திருப்பவருக்கு, சிறு கூட்டம் பெருங்கூட்டத்துக்கு, இளையவர் மூத்தவருக்கு. சொல்லப்பட்ட ஸலாமைவிட அழகானதையோ, குறைந்தது அதே அளவையோ திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது குர்ஆன் கட்டளை. நான்காம் அத்தியாயம், 86ஆம் வசனம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுகிறேன். எங்களில் சிலர் ‘வணக்கம்’ என்று திருப்பிச் சொல்லத் தயங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது மனிதரை மதிக்காததால் அல்ல. தமிழ் முஸ்லிம் வீடுகளில் ‘வணக்கம்’ என்ற சொல் குழந்தைக்கு முதலில் அறிமுகமாவது தொழுகையோடு சேர்ந்துதான். ‘வணக்கத்துக்கு உரியவன் அல்லாஹ் ஒருவனே’ என்று சொல்லிக்கொடுத்துத்தான் வளர்க்கிறார்கள். அதே சொல்லை நாளைக்குப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லும்போது நாக்கு ஒரு கணம் நிற்கிறது. நான் சொல்வேன். என் தம்பி சொல்ல மாட்டான், ‘நலமாக இருக்கிறீர்களா?’ என்று கேட்பான். இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

வைகை வடகரை | செவ்வாய், காலை 10.05

காஜிமார் தெரு தம்பி, நீங்கள் இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. என் மாணவர்கள் சிலர் மேடையில் ‘வணக்கம்’ சொல்லத் தயங்கி நின்றபோது அவர்களைக் கடிந்திருக்கிறேன். காரணத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் தமிழாசிரியனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வணங்கு என்பதன் முதற்பொருள் வளை என்பதுதான். 827ஆம் குறளில் ‘வில்வணக்கம்’ என்று வருகிறது. வில் யாரையும் வழிபடுவதில்லை, வளைகிறது, அவ்வளவே. பகைவன் சொல்லில் காட்டும் வணக்கத்தை நம்பாதே, வில் வளைவது தீங்குக்குத்தான் என்பது செய்தி. ஆக உடல் வளைவதும் மனம் வளைவதும் வேறு வேறு என்பதும் இந்த மண்ணில் பழைய அறிவு. இன்று நாம் சந்திப்பு தோறும் ‘வணக்கம்’ சொல்வது அவ்வளவு பழையதல்ல. என் தாத்தா காலத்தில் படித்தவர் வாயில் ‘நமஸ்காரம்’தான் இருந்தது. தமிழ் இயக்கங்கள் வளர்ந்த பிறகு மேடையிலும் வகுப்பறையிலும் ‘வணக்கம்’ நிலைபெற்றது. தெருவில் இருவர் சந்தித்தால் அன்றும் இன்றும் ‘வாருங்கள்’, ‘சாப்பிட்டாயா’, ‘சௌக்கியமா’ என்பவைதான்.

காஜிமார் தெரு | செவ்வாய், காலை 10.20

அகராதியில் நீங்கள் சொல்வது சரி ஐயா. ஆனால் ஒரு சொல் ஒருவனுக்குள் எந்த வாசல் வழியாக நுழைந்ததோ அந்த வாசலில்தான் அது நிற்கும்.

மேலூர் மண் | செவ்வாய், மதியம் 1.30

வடகரை ஐயா, வில் வளைவதைப் பற்றிச் சொன்னீர்கள். முதுகு வளைந்ததைப் பற்றி நான் சொல்கிறேன்.

என் தாத்தா ஊர்த் தெருவுக்குள் போகும்போது தோளில் இருக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். செருப்பு இருந்தால் கையில். எதிரே வருவது ஆறு வயதுப் பையனாக இருந்தாலும் ‘கும்பிடுகிறேன் சாமி’ என்று கைகூப்ப வேண்டும். பதிலாக அவருக்குக் கிடைத்தது ‘ம்’ என்ற ஓர் ஒலி, சில நாள் அதுவும் இல்லை. அழகானதையோ அதே அளவையோ திருப்பித் தர வேண்டும் என்று காஜிமார் தெரு அண்ணன் எழுதியதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திருப்பித் தரத் தேவையே இல்லாத முகமன் ஒன்று இந்த ஊர்ப்பக்கம் இருந்தது. அதைத் தந்தவர்கள் நாங்கள்.

கடவுளைக் கும்பிடுவதிலும் அப்படித்தான். மீனாட்சியம்மனை நோக்கிக் கைகூப்ப எங்களுக்குக் கோயிலுக்கு வெளியேதான் இடம் இருந்தது. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அழைத்துப்போன சிறு குழு உள்ளே நுழைந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. எங்கள் மேலூருக்குப் பக்கத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனும் அந்தக் குழுவில் ஒருவர்.

தாத்தா என் அப்பாவுக்கும், அப்பா எனக்கும் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: யாரிடமும் கைகூப்பாதே, கையை நீட்டு. நான் வழக்கறிஞர். நீதிமன்றத்தில் இருக்கைக்குத் தலை தாழ்த்துகிறேன், அது சட்டத்துக்கு. மனிதர்களிடம் கை கொடுக்கிறேன். எங்கள் தோழர்களிடம் ‘ஜெய் பீம்’. பதிலும் அதே ‘ஜெய் பீம்’. முதலில் சொல்பவனுக்கும் பதில் சொல்பவனுக்கும் வேறு வேறு வார்த்தை கிடையாது. அதனால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் மேலதிகாரியிடம் கையை நீட்டினேன். என் பெயரும் ஊரும் அவர் மேசை மேல் இருந்த தாளில் இருந்தன. அவர் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகளையும் கூப்பி ‘வணக்கம்’ என்றார். எனக்கு முன்னால் போனவரோடு அவர் கைகுலுக்கியதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்திருந்தேன். மரியாதை என்று பெயர் சூட்டிய தீண்டாமைக்கு நான் என்ன பதில் சொல்வது?

2020 மார்ச்சில் பிரெஞ்சு அதிபர் மக்ரோன் ஸ்பெயின் மன்னரைக் கைகூப்பி வரவேற்ற படத்தை ஊரே பகிர்ந்தது. ‘தொடாமல் வணங்கிய நம் முன்னோர் அறிவாளிகள்’ என்று எழுதினார்கள். தொற்றுக் காலத்தில் கைகூப்பியது சரி, நானும் கூப்பினேன். ஆனால் எங்கள் முன்னோரைத் தொடாமல் இருந்தது கிருமிக்குப் பயந்தா?

தெற்கு மாசி வீதி | செவ்வாய், மதியம் 2.10

ஒரு தம்பி துக்க வீட்டு வழக்கம் கேட்டார். அதற்குள் சாதியைக் கொண்டுவர வேண்டுமா? கைகூப்புவது எல்லாரையும் சமமாகப் பார்க்கும் முறை. நாங்கள் வைணவர்கள். ஒருவரையொருவர் சந்தித்தால் ‘அடியேன்’ என்றுதான் தன்னைச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஒருவர் தரையில் விழுந்து தண்டனிட்டால் மற்றவரும் தண்டனிடுவார். பெரியவர் என்று நிமிர்ந்து நிற்க யாருக்கும் உரிமை கிடையாது. உள்ளே இருக்கும் பெருமாளைச் சேவிக்கிறோம், மனிதனை அல்ல. அழகர்மலைக்கு வந்து பாருங்கள். இப்படி ஒரு முகமன் உலகத்தில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மேலூர் மண் | செவ்வாய், மதியம் 2.25

உண்மையிலேயே அழகான முறை, மனதாரச் சொல்கிறேன். உங்கள் தாத்தா என் தாத்தாவுக்கு அப்படித் தண்டனிட்டிருப்பாரா?

தெற்கு மாசி வீதி | செவ்வாய், இரவு 9.40

பிற்பகல் முழுக்க இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருந்தேன். இல்லை. செய்திருக்க மாட்டார். எங்கள் ஆசாரியர்கள் சொன்னதன்படி அவர் செய்திருக்க வேண்டும், ஆனால் செய்திருக்க மாட்டார். சாதியை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டதைத் திரும்பப் பெறுகிறேன். அது நீங்கள் கொண்டுவந்தது அல்ல.

கீழவெளி | செவ்வாய், இரவு 10.15

மேலூர்த் தம்பியும் மாசி வீதி அண்ணனும் எழுதியதைப் படித்த பிறகு தொடுவதைப் பற்றி எழுதத் தோன்றுகிறது. நான் செவிலியர், கத்தோலிக்கக் குடும்பம்.

எங்கள் பாட்டி காலத்தில் குருவானவரைக் கண்டால் ‘சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி’ என்பார்கள். முழந்தாளிடுவது, மோதிரத்தை முத்தமிடுவது எல்லாம் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. பிறகு, 1969 ஏப்ரலில், இந்திய ஆயர்கள் கேட்ட 12 மாற்றங்களுக்கு ரோமாபுரி இசைவு தந்தது. முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தலை வணங்கலாம், காலணியைக் கழற்றிவிட்டு வழிபடலாம் என்பவை அவற்றில் சில. பூசையில் சமாதானம் பகிரும் இடத்திலும் மாற்றம் வந்தது. முத்தத்துக்குப் பதிலாக இங்கே கைகூப்பலாம். அல்லது தருபவர் தன் கைகளைப் பெறுபவரின் கைகளுக்குள் வைக்கலாம். இந்த இரண்டாவது வழியை எங்கள் கோயிலில் நான் அதிகம் பார்த்ததில்லை. முதலாவதைத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கைகூப்பி, லேசாகத் தலை சாய்த்து, அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுகிறோம். வடகரை ஐயா எழுதிய கேத வீட்டுக் கைகளைப் படித்ததும் எனக்கு அந்த இரண்டாவது வழிதான் நினைவுக்கு வந்தது. கைக்குள் கை. அதை ஏன் விட்டோம் என்று பங்குத்தந்தையிடம் கேட்கப்போகிறேன்.

தொற்றுக் காலத்தில் தனிமை வார்டில் வேலை பார்த்தேன். உறவினர் யாரும் உள்ளே வர முடியாது. எங்கள் முகமும் தெரியாது. கவச உடைமேல் பெயரை எழுதி ஒட்டிக்கொள்வோம். வாடிப்பட்டிப் பக்கத்துத் தாத்தா ஒருவர் நான் உள்ளே போகும்போதெல்லாம் இரண்டு கைகளையும் கட்டிலுக்கு வெளியே நீட்டுவார். தண்ணீர் கேட்கிறார் என்று முதல் நாள் நினைத்தேன். மூன்றாம் நாள்தான் புரிந்தது. கையுறையோடு அவர் கைகளைப் பிடித்துக்கொண்டேன். அவர் பிழைத்து வீட்டுக்குப் போனார். போகும்போது வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கைகூப்பினார்.

நெய்வேலி நண்பரே, எங்கள் துக்க வீடுகளில் ஜெபமும் பாட்டும் நடந்துகொண்டிருக்கும். பாட்டுக்கு நடுவே எழுந்து கிளம்ப வேண்டாம், முடியும்வரை இருங்கள். ‘தோத்திரம்’ என்று உங்களிடம் யாராவது சொன்னால் தலையசைத்தால் போதும். மற்றபடி எங்கள் பக்கத்துக் கிராமங்களில் கேதத்துக்குக் கை தொடுவதும் கட்டியழுவதும் எல்லாருக்கும் பொதுதான். சிலுவை வைத்த வீடு என்பதால் அது மாறுவதில்லை.

பர்மா பேரன் | புதன், காலை 7.30

வடகரை ஐயா ‘சாப்பிட்டாயா’ என்பதைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது மிகவும் நெருக்கமானது. என் பாட்டி 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். அங்கே கடைகள் அரசுடைமையானபோது கையில் கிடைத்ததோடு வந்தார்கள். அக்கம்பக்கத்துப் பர்மியரும் ஒருவரையொருவர் கண்டால் ‘சோறு சாப்பிட்டாகிவிட்டதா?’ என்றுதான் கேட்பார்கள் என்று பாட்டி சொல்வார். சீனரிடமும் பழைய வழக்கம் இதுதான். பர்மாவில் இப்போது வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லும் ‘மிங்கலாபா’ வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளிக்கூட வகுப்புகளில் பழகிப் பரவியது. நம் ‘வணக்கம் ஐயா’ போலவே வகுப்பறையிலிருந்து தெருவுக்கு வந்த சொல்.

பாட்டி கடைசிவரை விடாத பர்மியப் பழக்கம் ஒன்று. யாருக்கு எதைக் கொடுத்தாலும் வலது கையால் கொடுத்து, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொள்வார். காய்கறிக்காரருக்கு இரண்டு ரூபாய் கொடுத்தாலும் அப்படித்தான். கையில் வலியா என்று கேட்டவர்கள் உண்டு. மரியாதை என்று சொன்னபோது ஒரு கீரைக்காரம்மா மட்டும் அன்றிலிருந்து பாட்டிக்கு மீதிச் சில்லறையை அதேபோல் முழங்கையைத் தாங்கித் தந்தார். அந்த அம்மாவுக்குப் பர்மா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது.

மகால் வாசல் | புதன், முற்பகல் 11.00

நான் சுற்றுலா வழிகாட்டி. தொழிலே முகமன்தான் என்பதால் சுருக்கமாகச் சில.

ஜப்பானியர் குனிவதில் அளவு உண்டு. பழகியவருக்கு 15 பாகை, வாடிக்கையாளருக்கும் மூத்தவருக்கும் 30, ஆழ்ந்த மரியாதைக்கும் மன்னிப்புக்கும் 45. பிரான்சில் கன்னத்தோடு கன்னம் வைப்பது ஊருக்கு ஊர் மாறும்; சில இடங்களில் இரண்டு, சில இடங்களில் மூன்று. நியூசிலாந்தின் மாவோரிகள் நெற்றியும் மூக்கும் ஒட்ட நிற்பார்கள். மூச்சைப் பகிர்கிறோம் என்பது அதன் பொருள். சிங்களர் ‘ஆயுபோவன்’ என்பார்கள். நீண்ட ஆயுள் பெறுக என்ற வாழ்த்து.

நான் தடுக்கி விழுந்தது தாய்லாந்துக்காரர்களிடம். அவர்களும் நம்மைப்போலவே கைகூப்புகிறார்கள். அதனால் நமக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்துவிட்டேன். அங்கே இளையவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும். மரியாதை கூடக் கூடக் கை மேலே போகும். துறவிக்கு என்றால் கட்டைவிரல் புருவ நடுவில் வரும். துறவி திருப்பிக் கைகூப்ப மாட்டார். முதல் குழுவில் பத்து வயதுச் சிறுமிக்கு நான் குனிந்து கைகூப்பினேன். அவள் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்த அம்மா என்னிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டார். முழுக்க அந்நியமாக இருப்பதைவிட நம்முடையதைப்போல் இருப்பதில்தான் அதிகம் கவனம் வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இப்போது என் பழக்கம் இதுதான். நேராகப் பார்த்துச் சிரித்து, ஒரு நொடி கைகளை அசைக்காமல் நிற்கிறேன். எதிரே இருப்பவர் கையை நீட்டினால் நீட்டுகிறேன், கூப்பினால் கூப்புகிறேன், நெஞ்சில் வைத்தால் வைக்கிறேன்.

மேலூர் மண் | புதன், முற்பகல் 11.20

அந்த ஒரு நொடியை என்னிடம் தரத் தயாராக இருந்தவர்கள் குறைவு. எழுதியதற்கு நன்றி.

வைகை வடகரை | புதன், மாலை 5.00

மேலூர்த் தம்பிக்கு நேற்றே பதில் எழுதியிருக்க வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உங்கள் தாத்தாவுக்கு ‘ம்’ சொன்னவர்களில் எங்கள் உறவினரும் இருந்திருப்பார்கள். நான் பள்ளியில் காலை வழிபாட்டில் எல்லாப் பிள்ளைகளையும் கைகூப்பி ‘வணக்கம் ஐயா’ சொல்ல வைத்தேன். திருப்பிக் கைகூப்பினேனா என்று யோசித்துப் பார்த்தேன். பெரும்பாலும் தலையை மட்டும் அசைத்தேன். முப்பத்தொரு வருடம்.

கைகூப்புவதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அது எனக்கு உயிர். ஆனால் நீட்டிய கை ஒன்று எதிரே இருக்கும்போது கூப்பிய கைக்கு அங்கே வேலை இல்லை. அதில் எனக்கு இனிச் சந்தேகம் இல்லை.

நெய்வேலிக்காரன் | அடுத்த செவ்வாய், இரவு 9.50

பதினாறாம் நாளுக்குப் போய் வந்தேன். நீங்கள் எல்லாரும் எழுதியதை பஸ்ஸில் இரண்டு முறை படித்தேன்.

பந்தலுக்கு முன்னால் அதே பெஞ்சு, அதே பெரியவர்கள். நான் வாய் திறக்கவில்லை. நண்பர் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார். நானும் இரண்டு கைகளாலும் தொட்டேன். அவர் கை சில்லென்று இருந்தது. அன்றைக்கு நான் குலுக்கியபோது அதையெல்லாம் உணரவே இல்லை. போய் உட்கார்ந்தேன். போன முறை முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே பெரியவர், பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை ஒன்றும் பேசாமல் என் பக்கம் நகர்த்தி வைத்தார். பந்தியில் சாப்பிட்டேன். அம்மாவிடம் சொல்லாமல் கிளம்பினேன். சொல்லாமல் அந்த வாசலைக் கடப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. சிறு வயதிலிருந்து பழகிய நாக்கு தவித்தது.

பஸ் நிறுத்தம் வரை நண்பர் வந்தார். இருவரும் பேசவில்லை. பஸ் கண்ணில் பட்டபோதுதான், ‘தையில் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். அப்பா பார்த்த மாப்பிள்ளை. தள்ளிப் போட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். வீட்டோடு வந்துவிடுங்கள்’ என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். ‘வருகிறேன்’ என்று அந்த இடத்தில் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொல்லியிருக்கலாமா?

மேலூர் நண்பரே, எங்கள் அலுவலகம் நீதிமன்றத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஒரு நாள் வருகிறேன்.

மேலூர் மண் | அடுத்த செவ்வாய், இரவு 10.05

வாருங்கள்.

வைகை வடகரை | அடுத்த செவ்வாய், இரவு 10.30

பஸ் நிறுத்தத்தில் சொல்லியிருக்கலாம் தம்பி, அது வீட்டு வாசல் அல்ல. பரவாயில்லை. தையில் போகும்போது வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனமும் கற்கண்டும் நீட்டுவார்கள். அந்த அம்மா உங்களை ‘வாருங்கள்’ என்று கூப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு அப்படியே நழுவிவிடாதீர்கள். அவர்களைத் தேடிப் போய், நான்கு பேர் காதில் விழும்படி ‘போய் வருகிறேன் அம்மா’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.